கடைசிப் பக்கத்தின் அடிவரி

தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்கு வாசலுக்கு அருகே, பொழுது புலர்வதற்கு வெகு நேரம் முன்பாகவே நாளிதழ்க் கட்டுகள் வந்து இறங்கும். கட்டின் நாடாவை அறுத்து, பிரதிகளை எண்ணி, இணைப்பைப் பிரதான தாளுக்குள்ளும், பல் மருத்துவமனையின் துண்டு விளம்பரத்தை இணைப்புக்குள்ளும் செருகி, தெருவாரியாகச் சைக்கிளில் அடுக்கும் அந்தக் காரியத்தை இருபது இருபத்தைந்து பேர் வட்டமாகக் குந்தியிருந்து செய்ததை நான் கண்டிருக்கிறேன். இன்று அதே இடத்தில் ஐந்தாறு பேர்தான், அவர்களிலும் பாதிப்பேர் தலை நரைத்தவர்கள். சென்ற மாதம் ஒரு நாள், வெளியூர் ரயிலுக்குக் காத்திருந்த வேளையில், மூத்த ஏஜென்ட் ஒருவரிடம் ஒரு நாளிதழை வாங்கி, வழக்கத்துக்கு மாறாக அதன் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் வரியைப் படித்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தருகே கொண்டுபோனால்தான் தெரியும் அந்தப் பொடி எழுத்தில் அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், அச்சுக்கூடம் இருக்கும் இடம், ஆசிரியர் பெயர் எல்லாம் இருந்தன. "அதை யார் சார் படிக்கிறாங்க?" என்று சிரித்தார் அவர். படிப்பதற்கு ஆள் இருந்தது என்பதே நமது பத்திரிகைச் சரித்திரம், பெரும்பாலும் போலீஸ்காரர்கள்.

அந்த வரியைக் கட்டாயமாக்கியது 1867ஆம் ஆண்டின் பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டம். அன்றைய அரசாங்கம் அதை வாசகனின் க்ஷேமத்தை முன்னிட்டு மட்டுமே இயற்றியது என்று நம்புவதற்கில்லை. ராஜத்துவேஷம் என்று தோன்றும் எழுத்துக்கு யாரைப் பிடிப்பது என்பது தேடாமல் தெரிந்தால் எந்த அரசாங்கத்துக்கும் சௌகரியம். 1908இல் 'இந்தியா' பத்திரிகையின்மீது வழக்கு வந்தபோது, எழுத்தின் உயிராக இருந்த பாரதியார் புதுச்சேரி போய்ச் சேர, பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த ஸ்ரீநிவாசன் சிறை சென்றார். அதே ஆண்டில் 'சுதேசமித்திரன்' ஜி. சுப்பிரமணிய ஐயரும் கைதானார். ஆயினும் பிடிப்பதற்கு இடம் கொடுத்த அதே வரி, பிற்காலத்தில் பத்திரிகைக்காரனுக்கு நிற்பதற்கும் இடம் கொடுத்தது. பெயர் உள்ளவனைத்தான் நீதிமன்றத்துக்கு இழுக்கமுடியும், இழுக்கப்பட்டவனுக்குத்தான் அங்கே நின்று வாதாட உரிமையும் உண்டு. புதிய ஊடகங்கள் வளரும் நாடுகளுக்குச் சுதந்திரத்தையும் அபிவிருத்தியையும் கொண்டுவருமா என்ற பெரிய கேள்வியை, இந்தச் சிறிய வரியை முன்னால் வைத்துக்கொண்டு, நான் வசிக்கும் தென்சென்னைப் புறநகரிலிருந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

கேள்வி பழையது. 1964இல் வில்பர் ஷ்ராம் என்ற அமெரிக்க அறிஞர், வெகுஜன ஊடகமும் தேசிய அபிவிருத்தியும் பற்றி எழுதிய நூலின் காலத்தில், நூறு பேருக்குப் பத்து நாளிதழ்ப் பிரதிகள், ஐந்து வானொலிப் பெட்டிகள், இரண்டு சினிமா இருக்கைகள் என்று யுனெஸ்கோ ஸ்தாபனம் ஒரு குறைந்தபட்ச அளவை வகுத்து வைத்திருந்தது. (சினிமா இருக்கையை அபிவிருத்திக்கு அளவுகோலாகக் கொள்வதென்றால் தமிழ்நாடு அன்றே முன்னேறிய தேசமாகியிருக்கும்.) செய்தி போகும் திசையும் வருகிற திசையும் சமமாக இல்லை, உலகம் முழுவதற்குமான செய்தியைச் சில செல்வ நாடுகளின் நிறுவனங்களே தீர்மானிக்கின்றன என்ற முறையீடு 1980இல் மாக்பிரைடு குழுவின் அறிக்கையாக வெளிவந்தது. அடக்குமுறை அரசுகள் அந்த முறையீட்டைத் தங்கள் தணிக்கைக்குக் கேடயமாகவும், செல்வ நாடுகள் அந்தத் தணிக்கையைக் காட்டி முறையீட்டையே தள்ளிவிடவும் பயன்படுத்தின. சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் நேர்வதில்லை என்று அமர்த்திய சென் எடுத்துக்காட்டினார். டிமோதி பெஸ்லி, ராபின் பர்ஜெஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இந்திய மாநிலங்களின் பல்லாண்டுக் கணக்குகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு இன்னும் நெருங்கியது: விளைச்சல் குறைந்தாலும் வெள்ளம் வந்தாலும், நாளிதழ் வாசிப்பு மிகுந்த மாநிலத்தின் அரசே அதிகமாக அசைந்துகொடுக்கிறது, அதிலும் அந்த அசைவை உண்டாக்குவது ஆங்கிலப் பத்திரிகையைக் காட்டிலும் பிரதேச மொழிப் பத்திரிகைகளே. தேநீர்க் கடை வாசலில் ஒருவர் உரக்கப் படிக்க நால்வர் கேட்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பு இராது.

ஆனால் இந்த ஆய்வுகள் எல்லாம் மாநிலத்தையோ தேசத்தையோ அலகாகக் கொண்டவை. தேசவாரியாக நாடுகளைத் தரவரிசைப்படுத்தும் பழக்கமும் அப்படியே. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் இந்தியா 2023இல் 161ஆம் இடத்திலும் 2025இல் 151ஆம் இடத்திலும் இருந்தது. பத்து இடம் ஏறியதனால் முடிச்சூரில் என்ன மாறிற்று என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

முடிச்சூரையும் பெருங்களத்தூரையும் பம்மலையும் ஒரு பத்திரிகை எப்படிப் பார்க்கிறது? 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல் இந்தப் பிரதேசம் நகரத்தின் வால். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து எழுபது வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி என்று தனிப் பெயர் கிடைத்த பின்பும், செய்திக்கு இது வாலாகவே இருக்கிறது. கோட்டையில் ஒரு மந்திரி தும்மினால் முதல் பக்கத்தில் வரும். இங்கே ஒரு வார்டு முழுவதும் கழிவுநீர் கலந்த குடிநீரைக் குடித்தால், பகுதிநேர நிருபர் எழுதி அனுப்பிய இருபது வரி, விளம்பரம் போக இடமிருந்தால் நான்கு வரியாக வரும். அச்சான செய்தியின் அளவுக்கு ஏற்பக் கூலியும், பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்துக்குக் கமிஷனும் பெற்றுக் காலந்தள்ளும் அந்த நிருபர்களில் சிலரை நான் அறிவேன். கவுன்சிலரின் பிறந்தநாள் வாழ்த்தை விளம்பரமாக வாங்கி வந்தவர், அதே கவுன்சிலரின் வடிகால் ஒப்பந்தத்தைப் பற்றி எந்த முகத்தோடு எழுதுவார்? வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழும் வட்டார வாரப் பத்திரிகைகள் கோயில் விழா, தண்ணீர் லாரி, மின்தடை இவற்றைப் பிறர் கவனியாத காலத்தில் கவனித்தன என்பது மறக்கக்கூடாத நன்மை. அவற்றுக்கும் சோறு போட்டது மனை விளம்பரந்தான். ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம் என்று பக்கம் பக்கமாக மனை விற்றுப் பிழைக்கும் தாள், அந்த மனை அடையாற்றின் வெள்ளப் படுகையில் இருக்கிறது என்று எழுதாது. அதை எந்தத் தணிக்கை அதிகாரியும் தடுக்கவில்லை. தடுக்கவேண்டிய அவசியமே நேரவில்லை.

எழுதாமல் விட்டது 2015 டிசம்பர் முதல் தேதி தண்ணீராக வந்தது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, வரதராஜபுரமும் முடிச்சூரும் மாடி மட்டத்துக்கு மூழ்கின; அந்தத் திறப்பைப் பின்னர் 2018இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கடிந்துரைத்தது. 'தி ஹிந்து' நாளிதழின் அச்சகம் ஜி.எஸ்.டி. சாலையில் நமக்கும் தெற்கே மறைமலை நகரில் இருக்கிறது. ஊழியர்கள் அங்கே போய்ச் சேர வழியின்றி, 1878இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2ஆம் தேதி அச்சாகவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் நின்றிராத அச்சு ஒரு சாலை மூழ்கியதால் நின்றது.

அச்சு நின்ற அந்த நாட்களில்தான் புறநகர் தன் குரலைக் கண்டுகொண்டது என்று சொல்வது மிகையாகாது. எந்த மொட்டை மாடியில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்தக் கல்யாண மண்டபத்தில் சோறு கிடைக்கிறது, எந்தச் சுரங்கப்பாதை மூழ்கியிருக்கிறது என்ற செய்திகள் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் ட்விட்டரிலும் பறந்தன; பெயர் தெரியாத இளைஞர்கள் அவற்றைத் தாளில் பட்டியலிட்டு, சரிபார்த்து, படகு உள்ளவர்களுக்குச் சேர்த்தார்கள். அரசு உத்தியோகத்தில் வானிலை ஆய்வாளராக இல்லாத பிரதீப் ஜான் என்பவர் 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் எழுதிய முகநூல் குறிப்புகளை, ரேடியோ அறிக்கையைக் காட்டிலும் பதற்றமின்றிப் படிக்கலாம் என்று வீட்டுப் பெண்கள் கண்டுகொண்டார்கள். அவர் கணிப்பு தவறினால் மறுநாள் அவர் பக்கத்திலேயே போய்க் கேட்கலாம். அவரும் பதில் சொன்னார். அதே வாரத்தில், அதே கைப்பேசியில், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் வருகின்றன என்ற செய்தியும் வந்தது. பண்ணையினர் மறுத்தார்கள். மறுப்பு வருவதற்குள், முழங்கால் நீரில் நின்று பால் பாக்கெட் விநியோகித்துக்கொண்டிருந்த எங்கள் தெருப் பையன்கள் நால்வர் கரையேறிவிட்டார்கள். முதலைச் செய்தியை யார் முதலில் எழுதினார் என்பது இன்றுவரை தெரியாது. அதற்கு அடிவரி இல்லை.

முதலை சிரிப்போடு போயிற்று. 2018 மே மாதத்தில் குழந்தை கடத்துவோர் நடமாடுகிறார்கள் என்ற ஃபார்வர்டுகள் வட மாவட்டங்களில் பரவியபோது, குலதெய்வக் கோயிலுக்குப் போய் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைத் திருவண்ணாமலை மாவட்டத்து அத்திமூர் அருகே கூட்டம் அடித்தே கொன்றது. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்பமுடியாதபடி வரையறுத்தது. கலிபோர்னியாவில் எடுத்த ஒரு முடிவு அத்திமூரின் சாலையைக் காக்கவேண்டியிருந்தது என்பதை மாக்பிரைடு குழுவினர் இருந்து பார்த்திருக்கவேண்டும்.

பொய்ச் செய்தியைக் காரணங்காட்டி அரசாங்கங்கள் செய்த காரியங்களை இனிப் பார்ப்போம். சுதந்திர இந்தியாவில் பேச்சுரிமையின் முதல் பெரிய வழக்கே சென்னை மாகாணத்து வழக்கு: பம்பாயில் வெளியான 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகை இங்கே நுழையக்கூடாது என்ற தடையை 1950இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே அரசியல் சாசனத்தைத் திருத்தி, அந்த வாசல் பாதி சாத்தப்பட்டது. 1994இல் வந்த தீர்ப்பு எங்கள் பக்கத்து விஷயம். திருவான்மியூரை மையமாகக் கொண்டு சாராயமும் கொலையுமாக வாழ்ந்த ஆட்டோ சங்கர், செங்கல்பட்டுச் சிறையில் இருந்தபோது எழுதிய சுயசரிதையில் உயர் அதிகாரிகளோடு தனக்கிருந்த சகவாசத்தைச் சொன்னதாக 'நக்கீரன்' அறிவித்து, அதை வெளியிட முற்பட்டது. சிறைத்துறைத் தலைமை அதிகாரி அது பொய் என்றும், வெளியிட்டால் நடவடிக்கை என்றும் கடிதம் எழுதினார். ஒரு மனிதனின் அந்தரங்கம் காக்கப்படவேண்டியதே, ஆனால் பொதுப் பதிவேட்டில் உள்ளதை வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டாம், அதிகாரிகள் தங்கள் உத்தியோகக் காரியங்களைப் பற்றிய எழுத்தை வெளியாகுமுன் தடுக்க உரிமையில்லை, அவதூறு என்றால் வெளியான பின் வழக்குத் தொடரட்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. வாதிட ஆசிரியர் என்று ஒருவர் பெயரோடு இருந்ததால் பிறந்த தீர்ப்பு அது.

1987ஐயும் 2025ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காலமாற்றம் பிரத்தியட்சமாகத் தெரியும். 1987இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்த ஒரு சித்திரத்துக்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே அவர் விடுதலையானார். 1994இல் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையைத் தவறென்று சொல்லி ஆயிரம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. ஆசிரியர் சிறையில் இருந்த அந்த நாட்களிலும் இதழ் கடைகளில் தொங்கிற்று, ஜனங்கள் அட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். 2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் மின்னிதழில், அமெரிக்காவிலிருந்து விலங்கிட்டு அனுப்பப்பட்ட இந்தியர்களைப் பற்றிய தருணத்தில், பிரதமரை விலங்கோடு வரைந்த கேலிச்சித்திரம் வந்தது. ஒருவரும் கைதாகவில்லை. ஒரு மாலை விகடன் இணையதளம் முழுவதும், சமையல் குறிப்பும் ராசிபலனும் நூற்றாண்டைத் தொடும் பத்திரிகையின் மற்றெல்லாமும், பலருடைய திரையில் திறக்கவில்லை. மார்ச் 6ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொன்னது. முன்பு மனிதனைப் பூட்டினார்கள், எழுத்து வெளியே உலாவிற்று. இப்போது மனிதன் வெளியே இருக்கிறான், எழுத்துப் போகும் குழாய் அடைபடுகிறது. சிறைக்குப் போன ஆசிரியரைப் பார்த்து ஊர் கொதித்தது. திறக்காத தளத்தைப் பார்த்தவர்கள் முதலில் தங்கள் நெட் பேக்கைச் சந்தேகித்தார்கள்.

குழாயை அடைக்கும் வழக்கம் ஒரு கட்சிக்கோ ஒரு அரசுக்கோ உரியதன்று. 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தபின், மூன்று மாவட்டங்களில் இணையம் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டது. வதந்தியைத் தடுக்க என்றார்கள். வதந்திக்குப் பதில் சொல்லக்கூடிய நிருபரின் படமும் அதே குழாயில்தான் போகவேண்டும் என்பதை எண்ணவில்லை. எது உண்மை என்று தானே முத்திரை குத்த மத்திய அரசு விரும்பிய சரிபார்ப்புப் பிரிவை 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. மாநில அரசும் 2023இல் தனக்கென ஒரு சரிபார்ப்பகம் வைத்துக்கொண்டது. எழுதியவனே தன் தேர்வுத்தாளைத் திருத்தும் ஏற்பாடு எவர் செய்தாலும் ஒன்றே. 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 மார்ச் முதல் புதிய பருவ இதழ்ச் சட்டம் வந்திருக்கிறது. இணையத்தில் மட்டும் வெளிவரும் செய்தி அதன் பதிவேட்டில் இல்லை.

வானொலியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 2004 பிப்ரவரியில் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் வளாக வானொலி தொடங்கியது. இந்தச் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக்கூடாது. நாளை தண்ணீர் வராது என்று அறிவிக்கலாம். ஏன் வராது என்று கேட்டால் அது செய்தியாகிவிடும்.

இத்தனைக்கும் நடுவே புதிய ஊடகம் உயிரைக் காத்த ஒரு கதையை நமது தரமணியிலிருந்தே சொல்லவேண்டும். அங்குள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணிப்பை இறக்கி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்த நல்லவாடு இளைஞர் ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசினார். கிராமத்தார் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் கூவினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள். இதில் உபகரணத்தின் மகிமையைச் சொல்பவர்கள் அநேகர். சிங்கப்பூரில் பேசியவன் இன்னார் மகன் என்று ஊருக்குத் தெரியும், ஒலிபெருக்கியில் கத்திய குரல் யாருடையது என்பதும் தெரியும், அதனால்தான் ஒருவரும் "யார் சொன்னது?" என்று கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குரல் யாருக்குக் கிடைக்கிறது என்பது அடுத்த விஷயம். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பெயராக வைத்துப் பத்திரிகை தொடங்கியதில் ஒரு பிரகடனம் இருந்தது. இன்று கைப்பேசி அந்தப் பைசாவைக் காட்டிலும் மலிவு என்பார்கள். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டுப் பெண்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. எங்கள் குடியிருப்போர் நலச்சங்கக் குழுவில் பேசுகிறவர்கள் ஓய்வூதியக்காரர்களும் சொந்த வீட்டுக்காரர்களும்; தெருக்கோடியில் வாடகைக்கிருக்கும் கட்டடத் தொழிலாளி அதில் இல்லை. அப்படியிருந்தும் சிட்லபாக்கத்தில் நடந்ததை அலட்சியப்படுத்த முடியாது. குப்பையும் கழிவுநீருமாய்க் கிடந்த ஏரியைப் படமெடுத்துப் போட்டு, மனுக் கொடுத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்டு, ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு இறங்கி அந்த ஊரார் விடாமல் நச்சரித்ததன் பின், 2019இல் ஏரிச் சீரமைப்புக்கு அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. படம் மட்டும் ஏரியைத் தூர் வாரவில்லை. படத்தின் கீழே கையெழுத்திட்டு, அதே பெயரில் மனுவும் எழுதி, அலுவலக வாசலில் அதே முகத்தோடு நின்றவர்கள் இருந்தார்கள்.

எங்கள் தெருக் குழுவின் அட்மின் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். ஃபார்வர்டு போடுபவர்களை முதலில் எச்சரிப்பார். இரண்டாம் முறை, வயது பாராமல் நீக்கிவிடுவார். பார்த்தவர் பெயர், பார்த்த இடம், மணி இம்மூன்றும் இல்லாத செய்தி குழுவில் நிற்காது. சிக்னல் கேபின் பழக்கம் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் மறுபடியும் அடையாறு பொங்கி, மின்சாரம் போய், டவரும் செத்து, கைப்பேசிகள் ஊமையாயின. மறுநாள் உச்சிவேளையில் திடீரென்று உயிர் வந்த என் கைப்பேசியில் இருநூறுக்கு மேற்பட்ட செய்திகள் ஒன்றாய் வந்து விழுந்தன. ஏரி உடைந்தது, உடையவில்லை, அணை திறந்தார்கள், மூடினார்கள். அவற்றுக்கிடையே அவருடையது ஒன்று: "நான் வாய்க்கால் பாலத்தில் நிற்கிறேன். தண்ணீர் மூன்றாவது படியில். நேற்று மாலை நான்காவதில் இருந்தது. இறங்குகிறது. காலை மணி 2.40." அதன் கீழே, அந்த இருட்டிலும் மழையிலும், தன் முழுப் பெயரை இரண்டு தலைப்பெழுத்துகளோடு தட்டச்சு செய்திருந்தார்.